சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில் நாட்டுத் தாவரங்களை மீண்டும் வளர்த்தல்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கொல்கத்தாவுக்கு எதிரே, ஹௌரா நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் ரயில் நிலையத்தினின்று கரக்பூர் செல்லும் பாதையில் சில மைல் தூரத்தில் உள்ளது சாந்த்ராகாச்சி. வங்காளத்துக் காய்கறிச் சந்தைகளில் இவ்வூரின் பெயர் நெடுங்காலமாகச் சேனைக்கிழங்குடன் சேர்த்தே சொல்லப்பட்டு வந்தது. இன்றோ இவ்வூரை நாடுவோர் கிழங்கைத் தேடி வருவதில்லை. ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஏரியில் மார்கழி, தை மாதங்களில் வந்து கூடும் நீர்ப்பறவைகளைக் காணவே வருகின்றனர்.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 13 ஹெக்டேர். வங்காளியர் அதனை ‘ஜீல்’ என்று அழைப்பர். ஒரு புறம் ரயில்வே தண்டவாளங்களும் பணிமனைகளும். மறு புறங்களில் நெருங்கிய குடியிருப்புகள். இத்தகைய இடத்தில் குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கான வாத்தினங்கள் வந்து தங்குவது வியப்புக்குரியது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சீழ்க்கைச் சிறகிகள்; வங்காளத்தில் இவற்றைச் ‘சரால்’ என்பர். இவை வேற்று நாட்டிலிருந்து வருவன அல்ல. நம் நாட்டிற்குள்ளேயே பருவத்திற்கேற்ப இடம் மாறுவன. இவற்றுடன் இமயத்திற்கு அப்பாலிருந்து வரும் ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நீலச்சிறகி முதலியனவும் குறைந்த எண்ணிக்கையில் கலந்திருக்கும்.

நிலம் தென்கிழக்கு ரயில்வேக்கு உரியது. பறவைகளைக் காக்கும் பணியை மாநில வனத்துறை கவனித்து வருகிறது. சுற்றுப்புறத்துச் சாக்கடைகள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. இம்மூன்று பொறுப்புகளும் ஒரே கரையில் சந்திப்பதால் எழும் சிக்கல்கள் சிறியன அல்ல. ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்து 2016-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கும் தொடரப்பட்டது. வழக்கின் விவரங்கள் இக்கட்டுரையின் பொருள் அன்று. இத்தகையதொரு நகர்ப்புற நீர்க்கரையில் நாட்டுத் தாவரங்களை மீண்டும் நிலைபெறச் செய்ய விரும்பும் கள ஊழியர் தம் திட்டத்தை எவ்வாறு வகுக்க வேண்டும் என்பதை, சாந்த்ராகாச்சியை முன்வைத்து ஆராய்வதே நம் நோக்கம். ஓடைக்கரைக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுவோம்.

வேற்று நாட்டுச் செடி செய்யும் வேலை

நாட்டுத் தாவரம் என்றால் என்ன? மனிதனால் கொண்டு வரப்படாமல், அந்தந்த நிலப்பகுதியில் தானாகவே நெடுங்காலம் தோன்றி வளர்ந்து வருவது என்று சுருக்கமாகக் கூறலாம். இவ்விலக்கணப்படி சாந்த்ராகாச்சி ஏரியை இன்று ஆளும் செடி நாட்டுத் தாவரம் அன்று. தமிழகத்தில் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் நாம் அறிந்த தென்னமெரிக்கச் செடியே அது. அழகிய ஊதாப் பூவுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்கு வந்தது. சில பத்தாண்டுகளுக்குள் ஆறுகளையும் வயல்களையும் அடைத்துக்கொண்டது. படகுப் போக்குவரத்தும் நெற்சாகுபடியும் குலைந்தமையால் 1921-இல் ஜகதீச சந்திர போஸ் தலைமையில் ஒரு குழு இதனை ஆராய நியமிக்கப்பட்டது. 1936-இல் இச்செடியை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டத்தைக் கண்டு செடி அஞ்சவில்லை. சாந்த்ராகாச்சிக்குச் சில மைல் தொலைவில், சிப்பூரில், அதே போஸின் பெயரைத் தாங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது என்பதை இங்கு நினைவுகொள்வது பொருத்தமாகும்.

கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுதி. வெப்பமும் சேர்ந்தால் ஆகாயத்தாமரை ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகக்கூடும். நீர்ப்பரப்பு முழுவதும் மூடப்பட்டால் வெளிச்சம் கீழே செல்லாது. நீரில் கரைந்த பிராணவாயு குறையும். மீனும் புழுவும் பூச்சியும் அருகும். வாத்து இறங்குவதற்கு இடமும் இராது. ஆகவே குளிர்காலத்திற்கு முன் இச்செடியை அகற்றுதல் இன்றியமையாதது.

இதுவரை கூறியது எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஏரியின் கரையில் நின்று ஒரு காலைப்பொழுது பார்ப்பவர் வேறொன்றையும் காண்பர். சீழ்க்கைச் சிறகி இரவில் இரை தேடும் பறவை. பகலில் அது இளைப்பாற வேண்டும். நாயும் மனிதனும் அணுக முடியாத, சூழ நீர் உள்ள, படுத்து உறங்கத்தக்க திட்டு அதற்குத் தேவை. அத்திட்டாகச் சாந்த்ராகாச்சியில் அமைவது எது? ஆகாயத்தாமரையின் மிதக்கும் படுகையே! ஆதலால்தான் துப்புரவு செய்வோர் செடி முழுவதையும் வாரி எடுத்துவிடாமல், ஆங்காங்கே மூங்கில் நட்டுச் சில படுகைகளைத் தீவுகளாக நிறுத்தி வைக்கின்றனர். தீவே இல்லாத வெறும் நீர்ப்பரப்பும் பறவைக்கு உதவாது. நீரே தெரியாத பசும்பரப்பும் உதவாது.

இங்கு நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வேற்று நாட்டுச் செடி ஒன்று ஓரிடத்தில் நிலைத்துவிட்டால், முன்பு நாட்டுத் தாவரம் செய்த வேலைகளில் சிலவற்றை அது ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அவ்வேலையைச் செய்ய வேறொன்று ஆயத்தமாகும் முன் அதனை அறவே நீக்கினால், அதை நம்பியிருக்கும் உயிர் வெளியேறுகிறது. ஆகவே நடவுத் திட்டத்தின் முதல் தாளில் செடிகளின் பெயர்ப் பட்டியலை எழுதலாகாது. இக்கரையில் எந்தெந்த வேலை நடைபெற வேண்டும், இன்று அதனை எது செய்கிறது, நாளை எது செய்யும் என்பதையே முதலில் எழுத வேண்டும்.

இவ்வாறு எண்ணாததால் நேர்ந்த விளைவுக்கு ராஜஸ்தானத்தின் பரத்பூர் சான்று. அங்குள்ள கேவலாதேவ் பறவைகள் புகலிடத்தில் 1982-இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும், எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வந்த பாஸ்பாலம் என்னும் புல் அதன்பின் தடையின்றிப் பெருகித் திறந்த நீர்ப்பரப்பைக் குறைத்தது. எருமை செய்துவந்த வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடிய ஆய்வு பின்னர் எடுத்துக்காட்டியது. பறவைகளுக்காகச் செய்த தடை பறவைகளுக்கே இடையூறாக முடிந்தது.

முதலில் நீர்மட்டம்

கரையில் நடவு பொய்த்துப்போவதற்கு மிகப் பொதுவான காரணம், செடியை அதற்குரிய உயரத்தில் நடாமையே. ஆனி மாதத்தில் விழா எடுத்துக் கரையோரம் வரிசையாக நட்ட கன்றுகள் ஆவணியில் நீருக்குள் மூழ்கி அழுகுவதையும், மேட்டில் நட்ட கோரை பங்குனியில் காய்ந்து சருகாவதையும் நம் நாட்டின் எப்பகுதியிலும் காணலாம். கன்றின் மீது குற்றமில்லை.

கொல்கத்தாப் பகுதியில் ஆண்டு மழை 1,600 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். ஆகவே ஏரியின் நீர்மட்டம் ஆவணி, புரட்டாசியில் உச்சத்தையும் சித்திரை, வைகாசியில் அடியையும் தொடும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட கரைப்பகுதியே நாம் திட்டமிட வேண்டிய முக்கியமான நிலம். ஆண்டில் சில மாதங்கள் நீராகவும் சில மாதங்கள் நிலமாகவும் இருக்கும் இப்பட்டையில் வளரக்கூடிய செடிகள் தனி இனம்.

இதனை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சென்டிமீட்டர் குறித்த மரச்சட்டம் ஒன்றை அசையாத கல்தூண் ஒன்றில் பொருத்தி, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வந்தால் போதும். ஓராண்டு முடியும்போது ஏரியின் ஏற்றத்தாழ்வு ஒரு கோடாக நம் முன் நிற்கும். பின்னர், கொத்தனார் பயன்படுத்தும் நீர்க்குழாய் மட்டத்தைக் கொண்டு உச்ச மட்டம், நடு மட்டம், அடி மட்டம் ஆகியவற்றைக் கரை நெடுகிலும் முளை அடித்துக் காட்டலாம். பள்ளி மாணவர் பத்துப் பேர் இரண்டு பிற்பகல்களில் முடிக்கத்தக்க வேலை இது. கணிதப் பாடத்திற்கும் பயன்படும். ஓராண்டு காத்திருக்க இயலாதபோது, சுவர்களிலும் மரத்தடிகளிலும் படிந்துள்ள வண்டல் கறையைப் பார்த்தும், கரையில் வாழும் முதியோரைக் கேட்டும் உச்ச மட்டத்தை ஓரளவு அறியலாம்.

அடுத்தது கரையின் சரிவு. நீர்மட்டம் ஆண்டில் 1 மீட்டர் ஏறி இறங்குவதாகக் கொள்வோம். கரை 4 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சரிந்திருந்தால், நனைந்து காயும் பட்டை 4 மீட்டர் அகலமாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் நீளக் கரையில் இது 4,000 சதுர மீட்டர் ஆகிறது. 2 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சரிந்தால் பரப்பு பாதியாகக் குறைகிறது. செங்குத்தான கான்கிரீட் சுவர் எழுப்பினால் பரப்பு ஒன்றுமே இல்லை. ஏரியை ‘அழகுபடுத்தும்’ திட்டங்களில் கரைச்சுவரும் நடைபாதையும் தவறாமல் இடம்பெறுகின்றன. சுவர் எழுப்பிய அன்றே, ஒரு நாற்றைக்கூடப் பிடுங்காமல், கரைத் தாவரம் முழுவதையும் நாம் அழித்துவிடுகிறோம் என்பதைப் பொறியாளரிடம் இக்கணக்கைக் காட்டியே விளக்கலாம். சரிவு மிகுந்த இடங்களில் மண்ணைச் சீவிச் சாய்வாக்குவதும், அடியில் தென்னை நார் உருளைகளை முளையடித்து நிறுத்துவதும் தக்க மாற்று வழிகள். இந்நார் இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கிப்போகும். அதற்குள் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும்.

ஓடைக்கரையாயின் நீரின் வேகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாந்த்ராகாச்சிக்கு மேற்கே, அடுத்தடுத்த நிலையங்களாகிய மௌரிகிராம், ஆந்துல் ஆகியவற்றைக் கடந்து செல்வோர் சரஸ்வதி என்னும் ஒடுங்கிய நீரோட்டத்தைக் காண்பர். முற்காலத்தில் சப்தகிராமத் துறைமுகத்தின் கப்பல்கள் சென்ற பேராறு அது. பதினாறாம் நூற்றாண்டு அளவில் தூர்ந்துபோகத் தொடங்கி, இன்று சாக்கடை போலச் சுருங்கியுள்ளது. இத்தகைய ஓடையின் வளைவுகளில் வெளிப்புறக் கரையை நீர் அரிக்கும். உட்புறக் கரையில் வண்டல் சேரும். உட்புறத்தில் கோரையும் நாணலும் தாமே முளைத்துக்கொள்ளும். வெளிப்புறத்தில்தான் நம் உழைப்பு தேவை. அங்கு ஆற்றுப்பாலைப் போத்துகளையும் வெட்டிவேரையும் நெருக்கமாக நடலாம். வெட்டிவேர் 2 மீட்டருக்கும் மேல் நேர்கீழாக வேர் இறக்குவது; நம் நாட்டுக்கே உரியது.

வடிகால் வாய்கள்

கரையைச் சுற்றி நடந்து, ஏரிக்குள் திறக்கும் வடிகால் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தல் வேண்டும். மழைநீர் மட்டும் வருவது எது, எந்நேரமும் கறுத்த நீர் வருவது எது, பிளாஸ்டிக் குப்பை வருவது எது என்று தனித்தனியே எழுத வேண்டும். இவ்வேலை மூக்குக்கு இனியதன்று. ஆயினும் இதனைத் தவிர்த்துவிட்டு நடும் செடிகள் யாவும் ஆகாயத்தாமரைக்கு இடும் எருவோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

நாணல், சம்பு போன்ற செடிகள் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் என்று பலரும் கூறக் கேட்கிறோம். உண்மையே. இச்செடிகளின் தண்டில் உள்ள காற்றறைகள் வழியே பிராணவாயு வேருக்குச் செல்கிறது. வேரைச் சுற்றியுள்ள சேற்றில் நுண்ணுயிர்கள் தங்கி நைட்ரஜன் பொருள்களைச் சிதைக்கின்றன. ஆனால் அளவு என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வெப்ப நாடுகளில் செடிப் படுகை மூலம் வீட்டுக் கழிவுநீரைத் தூய்மையாக்க ஆளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 சதுர மீட்டர் பரப்பாவது வேண்டும். 1,000 பேர் வாழும் ஒரு சிறு குடியிருப்புக்கு 2,000 சதுர மீட்டர் என்று கொண்டால், 4 மீட்டர் அகலமுள்ள கரைப்பட்டையில் அரைக் கிலோமீட்டர் அதற்கே செலவாகிவிடும். அதுவும் நீர் அப்படுகையினூடே மெல்லப் பரவிச் செல்லுமாறு அமைத்தால்தான் நடக்கும். வடிகால் நேரே ஏரியின் நடுவில் விழுமாயின், கரையில் எத்தனை நாணல் நட்டாலும் பயனில்லை. ஏரியைச் சூழ்ந்துள்ள நகரத்தின் கழிவைத் தாங்க ஏரிக்கரை போதாது. சுத்திகரிப்பு நிலையத்தின் பணியைச் செடியின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

இதன் மறுபுறத்தையும் கூறிவிட வேண்டும். ஹூக்ளிக்கு அப்பால், கொல்கத்தாவின் கீழைப்புறத்தில், 12,500 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலங்கள் நகரின் கழிவுநீரை வாங்கி மீனாகவும் காய்கறியாகவும் மாற்றி வருகின்றன. 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. அங்குள்ள மீனவர்களின் முறையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் (1947–2018) என்னும் பொறியாளர். அங்கே ஆழமற்ற குளங்களில் கழிவுநீர் அளவறிந்து விடப்படுகிறது, வெயில் அதன்மீது படுகிறது, பாசி வளர்கிறது, மீன் பாசியைத் தின்கிறது. கழிவுநீர் தன்னளவில் பகையன்று என்பதற்கு அது சான்று. ஆனால் அந்நிலம் அதற்கென்றே பல தலைமுறைகளாகப் பேணப்படுவது. 13 ஹெக்டேர் ஏரியொன்றில் நாற்புறமும் இருந்து கணக்கின்றி வந்து விழும் சாக்கடையை அதனோடு ஒப்பிடலாகாது.

வடிகால் முழுவதும் திருப்பப்படும் வரை கள ஊழியர் செய்யத்தக்கவை சில உள. வடிகால் வாயில் கம்பி வலை இட்டுக் குப்பையை நிறுத்துதல். அதன் முன்னே சிறு தொட்டி போன்ற பள்ளம் வெட்டி வண்டலைப் படியச் செய்தல். அப்பள்ளத்தின் விளிம்பில் மட்டும் சம்பும் நாணலும் நடுதல். ‘மட்டும்’ என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம். சம்பு நாட்டுத் தாவரமே ஆயினும், உரம் மிகுந்த நீரில் அதுவும் களையாக மாறி ஆழமற்ற பகுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை அதனை அறுத்து வெளியே கொண்டு செல்லவும் வேண்டும்; அறுக்காமல் விட்டால் அது உறிஞ்சிய உப்புகள் இலை மக்கியதும் நீருக்கே திரும்பிவிடும்.

எந்தச் செடி, எங்கே

இவ்வளவும் முடிந்த பின்னரே செடியின் பெயரைப் பற்றிப் பேசலாம். தமிழ் வாசகர் ஒரு செய்தியைக் கண்டு மகிழக்கூடும்: கீழ் வங்காளத்து நீர்க்கரைச் செடிகளிற் பல நம் ஊர்க் கண்மாய்க் கரையிலும் காண்பனவே.

எப்போதும் நீருள்ள பகுதிக்கு அல்லியும் தாமரையும் உரியன. அல்லியை வங்காளத்தில் ‘ஷாப்லா’ என்பர். இலைக்கோழிகள் நடப்பதற்கு இவற்றின் இலைகளே தளம். ஆண்டில் பாதிக்கு மேல் நனையும் அடிப்பட்டையில் கோரை வகைகளும் நாணலும் ஏற்றவை. தாழைக்கோழி, மடையான் முதலியவற்றுக்கு இவை மறைவிடமாகும். அதற்கு மேலே, சில மாதங்களே நனையும் பட்டையில் நீர்முள்ளி, நீர்ப்பிரம்மி, வல்லாரை, ஆரை, வள்ளை ஆகியன தரையை மூடும். நீர்முள்ளி வங்காளத்தில் ‘குலேகாரா’ என்ற பெயரில் இரத்தம் ஊறும் கீரையாக விரும்பி உண்ணப்படுகிறது. வள்ளையும் ‘கல்மி’ என்ற பெயரில் நாள்தோறும் சமைக்கப்படுவது. இதில் எச்சரிக்கை தேவை. கழிவுநீர் புகும் ஏரியில் வளரும் கீரை நோய்க்கிருமிகளையும் உலோகங்களையும் தாங்கி வரலாம். வடிகால் வாயை ஒட்டி உணவுக்கீரைகளை நடாதிருப்பது நலம். ஏழைப் பெண்டிர் பறித்துச் செல்வதைத் தடுப்பதைவிட, பறிக்கத் தூண்டாதிருப்பது எளிது.

உச்ச மட்டத்தை ஒட்டிய விளிம்பிற்கு உரிய மரம் நீர்க்கடம்பு. வங்காளக் கிராமக் குளக்கரைகளில் ‘ஹிஜல்’ என்ற பெயருடன் நிற்பது இதுவே. கோடையில் இதன் சிவந்த பூச்சரங்கள் உதிர்ந்து நீர்மேல் விரிப்புப் போல மிதக்கும். வாரக்கணக்கில் அடிமரம் நீரில் நின்றாலும் இது சாவதில்லை. ஆற்றுப்பாலையும் இவ்விடத்திற்கு ஏற்றது. இதனினும் சற்று மேலே நீர்மருது, மாவிலங்கம், புங்கம், நாவல், அத்தி ஆகியவற்றை நடலாம். மேட்டுச் சரிவில் புரட்டாசியில் வெண்மையாகப் பூக்கும் ‘காஷ்’ என்னும் பேய்க்கரும்பைத் தவிர்க்க வேண்டியதில்லை. துர்கா பூஜை வருவதை அறிவிக்கும் பூ என்று அவ்வூர் மக்கள் அதனிடம் அன்பு கொண்டவர்கள். மக்கள் அன்பு கொண்ட செடிக்கு வேலி குறைவாகவே தேவைப்படும்.

மரங்களைப் பற்றி ஒரு சொல். மரம் நடுதல் நற்செயல் என்று நாம் பழகிவிட்டமையால், கரை முழுவதும் மரச்சுவர் எழுப்ப மனம் விழைகிறது. வாத்தினங்கள் நீரில் தாழ்ந்து இறங்குவன. அபாயத்தைத் தொலைவிலேயே காண விரும்புவன. நாற்புறமும் உயர்ந்த மரங்கள் சூழ்ந்த சிறு ஏரி அவற்றுக்குக் கிணறு போலத் தோன்றும். ஆகவே சாலையும் விளக்குகளும் உள்ள பக்கங்களில் மரங்களைக் கூட்டமாக நட்டு, ஒளியையும் ஓசையையும் மறைக்கச் செய்து, மற்றப் பக்கங்களைப் புல்லும் கோரையுமாகத் திறந்து வைப்பதே தக்கது. ரயில் மின்கம்பிகளுக்கு அருகில் உயரமாக வளரும் மரம் எதுவும் கூடாது. அங்கு நட்டால் ரயில்வே ஊழியர் அதனை வெட்டியே தீர்வர், அது அவர்கள் கடமை.

மிதக்கும் திட்டுகளுக்கு வருவோம். மூங்கிற் சட்டங்களில் தென்னை நாரைப் பரப்பி, வள்ளையும், வங்காளத்தில் ‘ஹெலெஞ்சா’ எனப்படும் நீர்க்கொடியும், நாட்டு நீர்ப்புற்களும் வளர்த்து, ஆகாயத்தாமரைத் தீவுகளுக்கு அருகே நங்கூரமிட்டு நிறுத்தலாம். முதல் ஆண்டில் ஒன்றிரண்டு போதும். சீழ்க்கைச் சிறகிகள் அவற்றில் ஏறி அமர்கின்றனவா என்று ஒரு குளிர்காலம் பார்க்க வேண்டும். அமர்ந்தால் அடுத்த ஆண்டு அதே பரப்புள்ள ஆகாயத்தாமரைத் தீவைக் குறைக்கலாம். அமராவிட்டால், சட்டத்தின் உயரமா, செடியின் அடர்த்தியா, கரைக்கு அண்மையா என்று காரணத்தைத் தேட வேண்டும். பறவையின் சம்மதமின்றி வேற்றுச் செடியை நீக்குவதில்லை என்பது இத்திட்டத்தின் விதி.

நாற்றுகளை எங்கே பெறுவது? தோட்டக்கலை அங்காடியில் கிடைக்கும் ‘அழகிய நீர்ச்செடி’ எதனையும் வாங்கலாகாது. ஆகாயத்தாமரையும் அவ்வாறு வந்ததே. சுற்றுப்புறக் கிராமங்களின் பழைய குளக்கரைகளில் இன்னும் எஞ்சியுள்ள திட்டுகளிலிருந்து வேர்த்துண்டும் போத்தும் விதையும் சேகரித்து நாற்றங்கால் அமைப்பதே முறை. செடியின் பெயரில் ஐயம் எழுந்தால், ஒரு கிளையைப் பூவுடன் பத்திரிகைத் தாளில் வைத்து அழுத்தி உலர்த்தி, சிப்பூரில் உள்ள மத்திய தேசிய உலர்தாவரத் தொகுதிக்கு எடுத்துச் செல்லலாம். 1787-இல் ராபர்ட் கிட் அமைத்த பூங்காவின் வளாகத்தில் உள்ள அத்தொகுதியில் வங்காளத்துச் செடிகளின் பழைய மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. டேவிட் பிரெயின் 1903-இல் வெளியிட்ட வங்காளத் தாவரங்கள் பற்றிய நூல், நகரம் இவ்வளவு பரவுமுன் அப்பகுதியில் எவை வளர்ந்தன என்பதற்கு இன்றும் நல்ல சாட்சி.

நீரைச் சீர்செய்துவிட்டே நட வேண்டும் என்பதற்குத் தமிழகத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கர் நிலம் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாகக் கிடந்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினரின் திட்டப்படி முதலில் இடிபாடுகள் அகற்றப்பட்டு, நீர்ப்பரப்பு விரிவாக்கப்பட்டது. அதன் பின்னரே நாட்டு மரங்களும் அலையாத்திச் செடிகளும் நடப்பட்டன. 2011-இல் திறக்கப்பட்ட அப்பூங்காவைத் தொல்காப்பியப் பூங்கா என்பர். சென்னை ஆசிரியர்கள் மாணவரை அங்கு அழைத்துச் சென்று நீர்மட்டப் பட்டைகளை நேரிலேயே காட்டலாம்.

ஆண்டின் ஒழுங்கு

சாந்த்ராகாச்சியில் வேலையின் காலத்தைப் பறவைகளே வகுத்துத் தருகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய நீரிலும் கரையிலும் எவ்வேலையும் கூடாது. விதை சேகரிப்பும் நாற்றங்கால் வேலையும் பறவைக் கணக்கும் மட்டுமே. மார்ச் முதல் மே வரை நீர் தாழ்ந்திருக்கும். குப்பை அகற்றுதல், மண் சீர்செய்தல், அடிப்பட்டையில் கோரையும் நாணலும் நடுதல் ஆகியவற்றுக்கு அதுவே தருணம். வேர்த்துண்டு பிடித்து, இலை நுனி எழும்பிய பின்னரே நீர் ஏற வேண்டும். நீருக்குள் முழுகிய இளந்தளிர் காற்றின்றி மடியும். ஜூனில் முதல் மழை மண்ணை நன்றாக நனைத்ததும் மேற்பட்டையில் மரக்கன்றுகள். செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் ஆகாயத்தாமரையை அகற்றித் தீவுகளை நிறுத்துதல். எடுத்த செடியைக் கரையிலேயே குவித்து வைக்கலாகாது. அது அழுகி, உப்புகள் மழையோடு மீண்டும் ஏரிக்குள் இறங்கும். தொலைவில் எருக்குழி வெட்டி மக்கவைத்தால் நாற்றங்காலுக்கு உரமாகும்.

தமிழ்நாட்டில் இக்கால அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கண்மாய்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையால் கார்த்திகை, மார்கழியில் நிரம்புவன. பறவைகள் வரும் காலமும் நீர் உயரும் காலமும் இங்கு ஒன்றாகவே அமைகின்றன. ஆகவே அடிப்பட்டை நடவை ஆடி மாதத்திற்குள் முடித்துவிட வேண்டும். கோடையில் நட்டால் நீர் ஊற்றியே காக்க நேரிடும்.

கணக்கெடுத்தல்

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுவது வழக்கம். அதனால் அறிவது குறைவு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மூங்கிற் சட்டம் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு பட்டையிலும் முளையடித்துக் குறித்த பத்து இடங்களில் அதனை வைத்து, உள்ளே தரையில் எத்தனை பங்கு செடியால் மூடப்பட்டுள்ளது, அதில் நாட்டுச் செடி எவ்வளவு, வேற்றுச் செடி எவ்வளவு என்று எழுத வேண்டும். மே மாதத்தில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை. மூன்று ஆண்டுகளேனும் இதனைத் தொடர வேண்டும். முதலாண்டு நடவு செழிப்பாகத் தோன்றி மூன்றாம் ஆண்டில் உண்ணிச்செடியாலும் காட்டாமணக்காலும் விழுங்கப்படுவது உண்டு. சட்டத்தின் நான்கு மூலைகளுக்குரிய முளைகள் திருட்டுப்போகாதிருக்க, விறகுக்கு உதவாத சிறு சிமெண்டுக் கட்டைகளைப் பயன்படுத்துவது அனுபவத்தில் நல்லது.

பறவைக் கணக்கைச் சூரியோதயத்திற்குப் பின், பறவைகள் இரவு இரை தேடித் திரும்பியிருக்கும் வேளையில் எடுக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையோடு, ஆகாயத்தாமரைத் தீவில் எத்தனை, நாட்டுச்செடித் திட்டில் எத்தனை, திறந்த நீரில் எத்தனை, கரையில் எத்தனை என்று நான்கு பத்திகளில் பிரித்து எழுதுக. நீர்மட்டம், சட்டக் கணக்கு, பறவைக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே பதிவேட்டில் இருத்தல் நலம். அதன் பிரதிகள் ரயில்வே, வனத்துறை, மாநகராட்சி ஆகிய மூன்று அலுவலகங்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் வாரத்திற்குள், துப்புரவு தொடங்குமுன், சென்று சேர வேண்டும். எத்தனை தீவுகளை நிறுத்துவது, எவற்றைக் குறைப்பது என்பதை அவ்வாண்டு முடிவு செய்வதற்கு இரண்டாம் பத்தியின் எண்ணே ஆதாரமாகும்.